படுதா விழுந்த சாயங்காலம்

அன்றைக்குப் போனவர்கள் இவ்வளவு பேர். அம்மா. அம்மா இடுப்பில் தம்பி. நைனாவின் அக்கா, எங்கள் அத்தை. அத்தை வீட்டுக்காரர், மாமா. நைனாவின் தம்பி, சித்தப்பா. குப்பத்துக்குப் பெரியவரான நாட்டார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான்.

நைனா இல்லை. அவர் கார்த்திகையிலேயே கடலோடு போய்விட்டார்.

நொச்சிக்குப்பத்துப் பக்கம் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதியைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்றைக்கு மிச்சம் நானும் தம்பியும். அவன் அப்போது கைக்குழந்தை. அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ஏழு வயசு இருக்கும். மரம் எண்ணுவது என் வேலை. மரம் என்றால் கட்டுமரம். விடியுமுன் போனவை உச்சி வெயிலில் திரும்பும். வீட்டுக்கு ஒரு பிள்ளை மணலில் நின்று எண்ணும். உங்களில் சிலரும் என் பக்கத்தில் நின்று எண்ணினவர்கள்தான். எங்கள் துறையில் பதினாலு மரம். கார்த்திகைக்குப் பிறகு பதிமூன்று. எனக்கு அது பழகவில்லை. பதிமூன்றைச் சொன்னதும் வாய் தானாக அடுத்ததைச் சொல்லிவிடும். பக்கத்துப் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். யாரும் சிரித்ததில்லை.

மரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். எங்கள் மரத்தைக் கார்த்திகையில் அவிழ்த்தது. அப்புறம் கட்டவில்லை. கட்டைகளின் மேல் காக்கா உட்காரும். நாங்கள் ஏறி விளையாடுவோம். முன்பெல்லாம் கட்டை மேல் ஏறினால் நைனா காதைத் திருகுவார். இப்போது யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நைனாவும் சித்தப்பாவும் ஒரே மரம். காற்று திரும்பிய அன்று மரத்தோடு சித்தப்பா மட்டும் வந்தார். மணலில் குப்புறக் கிடந்தார். அம்மா ஓடிப்போய் அவரைப் புரட்டினாள்.

"உங்க அண்ணன் எங்க?"

"கை வழுக்கிச்சி அண்ணி."

அம்மா மயிலாப்பூரில் ஒரு பக்கமும் மந்தைவெளியில் ஒரு பக்கமும் கூடையில் மீன் விற்கிறவள். தன் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தெனம் மீனு புடிக்கிறவ நானு. வழுக்கறதும் தெரியும், வுடறதும் தெரியும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு இல்லாத மனிதர்.

குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே மரத்தில் போனவர்களில் ஒருவர் போய் ஒருவர் திரும்பினால், திரும்பியவர் உடனே கடலில் இறங்க முடியாது. போனவர் வீட்டுப் பெண்பிள்ளை துடுப்பை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை அவரோடு யாரும் மரம் ஏற மாட்டார்கள். கட்டுமரம் தனி ஆள் ஓட்டுகிறது இல்லை. ஆகவே அவர் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நைனாவின் துடுப்பு எங்கள் குடிசைக் கூரையில் செருகியிருந்தது. அம்மா அதன் கீழே படுத்துத் தூங்கினாள்.

சித்தப்பா பிறர் வலையின் கிழிசலைத் தைத்தார். அதற்குக் கொடுக்கிற மீனை ஓலையில் சுற்றி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அம்மா தொட மாட்டாள். அது அத்தை வீட்டுக் குழம்புக்குப் போகும்.

"உனக்கு வாணாம்னா எனக்கு இன்னா? நல்ல வவ்வால் மீனா கீது" என்பாள் அத்தை. கறிவேப்பிலை எங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போவாள்.

ஒன்று சொல்ல மறந்தேன். சித்தப்பா ஆடுகிறவர். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று அவர் ஆடினால் மந்தைவெளியிலிருந்துகூட ஆள் வரும். நைனா கிரசின் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார். வேறு மேளம் தேவைப்படாது. நைனா தட்டத் தட்ட சித்தப்பா மணலை விட்டு எழும்புவார். அந்த டின்னில் அம்மா இப்போது உப்பு போட்டு வைத்திருந்தாள்.

மாசி மகம் முடிந்து சாமிகள் கடலாடிவிட்டுத் திரும்பிய பிறகு, ஒரு மேஸ்திரி குப்பத்துக்கு வந்தார். ரங்கூன் துறைமுகத்துக்கு ஆள் பிடித்து அனுப்புகிறவர். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், பூட்ஸுக்குள் மணல்.

"அடையாத்துல ஒரு தொரை பங்களா. நாளைக்கி அங்க சீமை ஆட்டம். கப்பல்ல வந்துகீறாங்க. ஒரு நாளு எறங்கி ஆடிட்டு மறுபடியும் ஏறிடுவாங்க. ஆத்துக் காத்துல படுதா நிக்கல. கயிறு புடிக்கக் கையி வேணும்."

"யாரு ஆடறது, பொம்பளையா?" என்றாள் அத்தை.

"ஆம்பளைங்க."

"ஆம்பள ஆடறதப் பாக்க அடையாறு போவணுமா? இங்கியே தெனம் குடிச்சிட்டு ஆடறானுங்க."

குப்பமே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. வீட்டாரும் வரலாம், ஓரமாகக் குந்தலாம், வாயைத் திறக்கக் கூடாது என்றார். பிறகு சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எல்லோருக்கும் கேட்டது.

"நீ கயிறு ஒயுங்கா புடி. அடுத்த கப்பல்ல உன்ன ரங்கூன் ஏத்தி வுடறேன். இங்க உன்கூட எவன் மரம் ஏறப் போறான்?"

சித்தப்பா தலையாட்டினார். நாட்டார் அம்மாவைப் பார்த்தார். அவளைக் கேட்கிற மாதிரி.

"போவட்டும்" என்றாள் அம்மா.

ரங்கூன் போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது குப்பத்துக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

அப்படிச் சொன்னவள் மறுநாள் எங்களோடு கிளம்பினாள். தம்பிக்கு வேடிக்கை காட்ட என்றாள். கைக்குழந்தைக்கு என்ன வேடிக்கை. ரங்கூன் போகப்போகிற சித்தப்பாவை ஒரு தரம் பார்த்துக்கொள்ள வந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அவளைக் கேட்டதில்லை.

பட்டினப்பாக்கம் தாண்டி ஆற்று வாய்க்கு நடந்தோம். அந்த மாதத்தில் வாய் மணலடித்துப் பாதி மூடியிருக்கும். முழங்கால் தண்ணீர். சித்தப்பா முன்னால் போய் ஆழம் பார்த்தார். நாங்கள் பின்னால் போனோம். அம்மா மட்டும் அவர் கால் வைத்த இடத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளியே நடந்தாள். ஒரு குழியில் இடுப்புவரை நனைந்தாள். அத்தை வாயைத் திறந்தாள். மாமா முறைத்ததும் மூடிக்கொண்டாள்.

பங்களாத் தோட்டத்தில் ஆற்றைப் பார்க்க மேடை. முன்னால் நாற்காலிகள். வெள்ளைக்காரர்களும் மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பக்கவாட்டில், புல்லில். எங்களுக்கு மேடையும் தெரிந்தது, மேடைக்குப் பின்னால் கயிறு பிடித்து நிற்கிறவர்களும் தெரிந்தார்கள். நாற்காலிக்காரர்களுக்கு அது தெரியாது. அந்த வகையில் எங்கள் இடம் உசத்தி.

பின்னால் ஒரு மரத்தட்டு இருந்தது. அதில் மஞ்சள் கட்டிகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் காலை வைத்துத் தேய்த்தார்கள். வாசனை வந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சிப் படகின் இடுக்கை அடைக்கிறோமே, அதே சாமான்.

"சாமிக்குப் பொகை போடறத மிதிக்கிறான் பாரு" என்றாள் அத்தை.

"காலு வழுக்காம இருக்கறதுக்குடி" என்றார் மாமா, தன் பங்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே.

அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தம்பியின் மூக்கைத் துடைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் காஸ் விளக்குகளை ஏற்றினார்கள். பியானோவும் பிடிலும் தொடங்கின. ஆண்கள் வந்தார்கள். காலோடு ஒட்டின வெள்ளை உடுப்பு.

"துணி கட்டிகீறானா இல்லியா?" என்றாள் அத்தை.

"கட்டிகீறான். நீ பேசாத குந்து" என்றார் நாட்டார்.

அதற்குப் பிறகு அத்தைகூடப் பேசவில்லை. எப்படிச் சொல்வது. எங்கள் ஆட்டத்தில் கால் மண்ணை அடிக்கும். இவர்கள் கால் மண்ணை விட்டுப் போயிற்று. மேலே போனவன் உடனே இறங்கவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு சத்தமில்லாமல் வந்து நின்றான். ஒருவன் ஓடிவந்து பாய்ந்தான். மற்றவன் அவனை நெஞ்சோடு வாங்கித் தோளுக்கு மேலே ஏற்றி, குழந்தையை வைக்கிற மாதிரி கீழே வைத்தான். ஆண்பிள்ளையை ஆண்பிள்ளை அவ்வளவு பதமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் முதுகில் அறைவார்கள். அதுதான் அவர்கள் பிரியம்.

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கையில் வானம் எழுதின படுதாவின் கயிறு. மேடையைப் பார்க்கக் கூடாது, விசிலுக்கு இழுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குதிகால் தரையை விட்டுத் தூக்கித் தூக்கி வைத்தது. கார்த்திகைக்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை. அம்மாவும் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக மரத்தால் செய்த பாறை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன்மேல் இரண்டு பேர். அண்ணன் தம்பியா, சிநேகிதர்களா, தெரியாது. ஒருவன் விளிம்பிலிருந்து சரிவான். மற்றவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொள்வான். மறுபடி சரிவான். மறுபடி பிடிப்பான். விளையாட்டு மாதிரி இருந்தது. கீழே நாலு பேர் நீலத் துணியை ஆட்டினார்கள். முதலில் மெல்ல. அப்புறம் வேகமாக. பியானோ தடதடத்தது. துணி நிஜமாகவே அலை மாதிரி எழும்பியது. அத்தை என் கையைப் பிடித்தாள்.

சரிந்தவன் இந்தத் தரம் விழுந்தான். பின்பக்கமாக. துணி அவனை மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு துணிக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. பாறை மேல் இருந்தவன் குனிந்து கையை நீட்டினான். நீட்டி, எட்டாமல் அப்படியே நின்றான். எட்டாமல் நிற்பதுதான் ஆட்டமாம். பிறகு யாரோ மாமாவிடம் சொன்னார்கள்.

சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கயிற்றை விட்டார்.

வானம் விழுந்தது. பாறை மேல், அலை மேல், விளக்கு ஒன்றின் மேல், பிடில்காரர் தலைமேல் விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு ஆள் மேடையில் நீளப் பாய்ந்ததை நான் பார்த்தேன்.

படுதாவை மேஸ்திரியும் மாமாவும் உருட்டி இழுத்தார்கள். உள்ளே சித்தப்பா குப்புறக் கிடந்தார். நெஞ்சு பலகையில். கை நீலத் துணிக்குள். விழுந்த ஆட்டக்காரனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவனுடைய பாதி உடம்பு துணிக்கு வெளியே, கண்ணைப் பெரிசாக விழித்துக்கொண்டு.

"டேய், வுட்றா. கூத்துடா இது" என்றார் மேஸ்திரி.

"வுட மாட்டேன்."

"கீய வைக்கோலு போட்டு கீதுடா. அவன் வைக்கோலு மேல நிக்கிறான்."

"வுட மாட்டேன்."

இரண்டு பேர் சித்தப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஆட்டக்காரனும் சேர்ந்து வந்தான். நாற்காலிகளில் சிரிப்பு. குடித்திருக்கிறான் என்று பங்களா அம்மாள் சொன்னதாக மேஸ்திரி கத்தினார்.

"கார்த்திகேலேர்ந்து அது கள்ளு தொட்டதில்ல" என்று அத்தை திருப்பிக் கத்தினாள்.

இன்னும் இழுத்தார்கள். அப்போது ஆட்டக்காரன் மற்றக் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினான். சித்தப்பாவிடம் அவன் பாஷையில் ஏதோ சொன்னான். சத்தமில்லாமல் சொன்னான். கையை உருவ முயலவில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்தான்.

அம்மா தம்பியை அத்தையிடம் கொடுத்தாள். மீன் கூடையோடு பங்களாப் படி ஏறுகிற மாதிரி, யாரையும் பார்க்காமல் மேடை ஏறினாள். சித்தப்பா பக்கத்தில் குந்தினாள்.

"இங்க பாரு. அவன் கீறான். உசுரோட கீறான். கைய வுடு."

கார்த்திகைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"வழுக்கிடும் அண்ணி."

அம்மா அவர் விரல்களைப் பார்த்தாள். நகம் வெள்ளையாகியிருந்தது. பிறகு சித்தப்பாவின் பிடிக்கு மேலே, ஆட்டக்காரனின் முழங்கைக்குக் கீழே, தன் கையால் அழுத்திப் பிடித்தாள்.

"வழுக்காது. நான் புடிச்சிகினேன். நீ வுடு."

அப்போதும் விரல் தானாகப் பிரியவில்லை. மற்றக் கையால் அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள். ஆட்டக்காரன் கையில் வெள்ளைப் பூச்சு, எண்ணெய் மாதிரி. உரிச்ச மீன் மாதிரி இருந்தது, அதையும் சித்தப்பா அப்படிப் பிடித்திருந்தார் என்று அம்மா ரொம்ப வருஷம் கழித்து ஒரு தரம் சொன்னாள்.

நாற்காலிகளில் சிரிப்பு நின்றிருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவி கை தட்டினாள். எதற்கென்று அவளுக்குத்தான் தெரியும். மற்றவர்களும் தட்டினார்கள்.

மேஸ்திரி எங்களை வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தார். "ரங்கூனும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூஞ்சியில முழிக்காத போ."

"வெளக்கு ஒடைஞ்சிச்சா?" என்றார் நாட்டார்.

"ஒண்ணு ஒடைஞ்சிச்சி."

"ஒண்ணுதான?" என்று சொல்லிவிட்டு நாட்டார் நடந்தார்.

மாமா பின்தங்கி வந்தார். கையில் ஒரு செருப்பு. செருப்பு என்றுதான் நாங்கள் சொன்னோம். மெத்தென்ற தோல், உள்ளங்கையில் சுருட்டிவிடலாம், அடியில் குங்கிலியம் ஒட்டியிருந்தது. படுதா மடிப்பில் கிடந்ததாம். ஆட்டக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் போனால், அவன் சித்தப்பா போன திசையைக் காட்டி மாமாவின் கையிலேயே வைத்து மூடிவிட்டானாம். சித்தப்பா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆற்று வாய்க்கு வந்தோம். நிலா இருந்தது. சித்தப்பா முன்னால் இறங்கினார். அம்மா இந்தத் தரம் அவர் கால் வைத்த இடத்திலேயே வைத்து நடந்தாள். நடுத் தண்ணீரில் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் புடிச்சிகினு இருந்த?"

"கையில உணர்வு இருந்த வரைக்கும்."

"அது இன்னா சொல்லிச்சி?"

அம்மா நைனாவை அது என்றுதான் சொல்வாள்.

"வலைக் கயிறு காலுல சுத்திகிச்சி. நீயும் முயுகிப் போயிடுவ, வுட்றான்னு சொல்லிச்சி. நான் வுடல அண்ணி. வழுக்கிச்சி."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வழுக்கிச்சின்னு சொன்னேனே."

கரையேறினோம். அத்தை மூக்கை உறிஞ்சினாள். பிறகு, எங்களை நடக்க வைப்பதற்காக, "நீ வெள்ளக்காரன் கையப் புடிச்சத என் பெரிய தம்பி பாத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள்.

"அது பாத்துகினுதான் இருந்திருக்கும்" என்றாள் அம்மா.

விடியுமுன் விழித்தபோது கூரையில் துடுப்பு இல்லை. வெளியே ஓடினேன். அம்மா கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். நாட்டாரும் இருந்தார். சித்தப்பா கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் துடுப்பை வாங்கினார்.

"கூட யாரு ஏறறது?" என்றார் நாட்டார்.

"நானு" என்றார் மாமா. அவர் மரத்தில் மூன்று பேர். ஒருவர் இறங்கினால் குறையில்லை.

"உன் வயித்துக்கு மரம் முயுகிடும்" என்றாள் அத்தை.

"வவ்வால் கொயம்பு சாப்ட்டு வளந்த வயிறு. அவன் வெச்ச மீனுதான். அவன்தான் தூக்கணும்."

இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டைகளைக் கட்டினார்கள். கயிறு காய்ந்து விறைத்திருந்தது. தண்ணீரில் ஊறப் போட்டுக் கட்டினார்கள். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அம்மா கூப்பிடவில்லை. அலையில் மரம் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். டின்னிலிருந்த உப்பைச் சட்டிக்கு மாற்றினாள். டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

அந்தச் செருப்பைத் துடுப்பு இருந்த இடத்தில் செருகி வைத்தோம். எலி கடித்தது. ஒரு புயலில் கூரையோடு போனது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போவதில்லை.

அன்று அம்மா கூடை எடுக்கவில்லை. மயிலாப்பூரில் மீனுக்குக் காத்திருந்திருப்பார்கள். உச்சி வெயிலில் மணலுக்கு வந்து என் பின்னால் நின்றாள். புடவைத் தலைப்பை என் தலைமேல் போட்டாள். மரங்கள் வந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். சத்தமாக எண்ணு என்றாள் அம்மா.

பதினாலு.